எந்த வண்டியில் அழைத்துச் செல்லப்போகிறீர்கள்?

எங்கள் மருத்துவமனையின் முகப்பு வாயிலில் நண்பகல் வேளைகளில் ஒரு காட்சியை நாள்தோறும் காணலாம். வீடு திரும்ப அனுமதி பெற்ற நோயாளி சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பார். மருந்துப் பையும் எக்ஸ்ரே உறையும் பேத்தியின் கையில் இருக்கும். மகன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். அதன்பின் சுற்றி நிற்கும் அனைவரும் ஒரே நேரத்தில் ஆலோசனை சொல்லத் தொடங்குவார்கள். "தலையைக் குனிங்கப்பா", "காலை முதல்ல உள்ள வைங்க", "இல்லல்ல, முதல்ல உட்காருங்க". காவலர் ஒருபுறம் தாங்க, உறவினர் மறுபுறத்திலிருந்து இழுக்க, பின்னால் நிற்கும் வண்டிகள் ஒலியெழுப்ப, நோயாளி எப்படியோ உள்ளே சேர்க்கப்படுவார். கதவு மூடப்படும்.

நோயாளியின் முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்று அன்றாடம் அளந்து குறிப்பவர்கள் நாங்கள். ஆயினும் வாயிலில் நிகழும் இந்தப் பத்து நிமிடங்களை நெடுங்காலம் எங்கள் பொறுப்பாகக் கருதவில்லை. அது தவறு என்று எங்களுக்கு உணர்த்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்.

இரு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர் அவர். முதல் மறுபரிசோதனைக்கு வந்தார். அடுத்த இரண்டிற்கு வரவில்லை. தொலைபேசியில் விசாரித்தபோதெல்லாம் "நல்லாயிருக்கேன்" என்பதே மறுமொழி. நான்கு மாதங்கள் கழித்து வந்தபோது, பயிற்சி தவறியதால் வலது முழங்கால் இறுகியிருந்தது. அது முழுமையாக நீளவும் இல்லை, போதிய அளவு மடங்கவும் இல்லை. உடன் வந்த மகன் மனம் நொந்துபோனார். அம்மாவை அழைத்துவருவதற்காகவே கடன் வாங்கிப் பெரிய வண்டி ஒன்றை வாங்கியிருப்பதாகச் சொன்னார். அவர் வெளியே சென்றபின் அந்த அம்மையார் தாழ்ந்த குரலில் பேசினார்: "வண்டி பெரிசுதான் டாக்டர். ஆனா என்னால ஏற முடியல. என் பையனும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து மூட்டை மாதிரி தூக்கி ஏத்துறாங்க. தெருவே நின்னு பாக்குது. புள்ள ஆசையா வாங்கினதை எப்படிக் குறை சொல்றது, நீங்களே சொல்லுங்க."

அந்த முழங்கால் இறுகியதற்கு அறுவையில் நேர்ந்த பிழையோ மருந்தின் குறையோ காரணமன்று. தரையிலிருந்து இருக்கை வரை உள்ள உயரமும், அந்த உயரத்தைப் பற்றி எவரும் அவரிடம் கேட்காமையுமே காரணம். கேளாதவர்களில் நாங்களும் அடக்கம். எனவே கார்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதலாமா என்று வாசகர்கள் வியக்க வேண்டியதில்லை. எந்த நிறுவனத்தின் வண்டியையும் வாங்குமாறு நாங்கள் பரிந்துரைக்கவில்லை. வண்டியைத் தேர்வு செய்வோர் எதை அளக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

உள்ளிடம் என்பது என்ன?

விளம்பரங்களில் "விசாலமான உள்ளிடம்" என்ற தொடரை அடிக்கடி காண்கிறோம். பெரும்பாலும் அது, அமர்ந்தவரின் முழங்காலுக்கும் முன் இருக்கையின் முதுகுக்கும் இடையே எஞ்சும் இடத்தைக் குறிக்கிறது. நலமுள்ள ஒருவருக்கு அந்த அளவு போதும். நோயுற்றவருக்கும் முதியவருக்கும் அதற்கு முன்பே மூன்று அளவுகள் தேவைப்படுகின்றன: தரையிலிருந்து இருக்கையின் உயரம், கதவு திறக்கும் அகலம், கதவுநிலையின் மேல்விளிம்பு தலைக்கு விடும் இடைவெளி. இம்மூன்றும் சரியாக அமையாவிட்டால் உள்ளே எத்தனை விசாலம் இருந்தும் பயனில்லை.

இவற்றுள் தலையாயது உயரம். இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் அமரும்போது இடுப்பு முழங்காலைவிடக் கீழே இறங்குகிறது; தொடை வயிற்றை நோக்கி மடங்குகிறது. இடுப்பு மூட்டைப் பின்புறமாக அணுகி மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம், முதல் சில வாரங்களுக்கு இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்க வேண்டாம் என்று அறுவை மருத்துவர்கள் எச்சரிப்பது வழக்கம். புதிய மூட்டு தன் குழியிலிருந்து நழுவிவிடக்கூடும் என்பதே காரணம். தாழ்ந்த இருக்கை அந்த எச்சரிக்கையை நோயாளி அறியாமலே மீறச் செய்துவிடும். மீண்டும் எழும்போதோ உடலின் எடை முழுவதையும் தொடைத் தசைகள் ஆழத்திலிருந்து தூக்கியாக வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கும் பார்க்கின்சன் நோயுள்ளவருக்கும் அது பெரும்பாடு.

இருக்கை மிக உயர்ந்திருந்தாலும் துன்பமே. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கும்போது மற்றொரு கால் தனியே உடலைத் தாங்குகிறது. பக்கவாதத்தால் ஒருபுறம் தளர்ந்தவர் எந்தக் காலை நம்பி நிற்பார்?

இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. நோயாளி வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். இருக்கையின் விளிம்பு அவருடைய முழங்காலின் பின்மடிப்புக்குச் சற்று மேலே, தொடையின் நடுப்பகுதிக்குள் தொட்டால் அது பொருத்தமான உயரம். மடிப்புக்குக் கீழே தொட்டால் தாழ்வு. தொடையின் நடுவைத் தாண்டி மேலே தொட்டால் உயர்வு.

வகைக்கு ஒரு குணம்

எங்களிடம் வரும் மூத்தவர்கள் பலர், "அம்பாசிடர் மாதிரி வராது" என்பார்கள். அது வெறும் ஏக்கமன்று. உயர்ந்த கூரை, நாற்காலியில் அமர்வதுபோல் நிமிர்ந்து அமரும் இருக்கை, அகன்று திறக்கும் கதவு ஆகிய மூன்றும் அதில் இருந்தன. ஆனால் காற்றுப்பை போன்ற இன்றைய பாதுகாப்புகள் அதில் இல்லை. நாட்பட்டு அமிழ்ந்துபோன அதன் மெத்தையும் முதுகுக்கு நன்மை செய்ததில்லை. 2014-இல் அதன் உற்பத்தி நின்றது.

1983-இல் வந்த மாருதி 800 நம் நடுத்தரக் குடும்பங்களுக்குக் காரை எட்டச் செய்தது. ஆனால் சற்றுத் தாழ்ந்து, மடங்கி அமர வேண்டிய வண்டி அது. பின்னர் 1998-இல் சான்ட்ரோவும் 1999-இல் வேகன்-ஆரும் கூரையை உயர்த்திய வடிவத்தில் வந்தன. தொடக்கத்தில் அவற்றின் தோற்றத்தைப் பலர் கேலி செய்தனர். மருத்துவக் கண்ணோட்டத்தில் அந்த உயரமே அவற்றின் சிறப்பு. மேசை நாற்காலியில் அமர்வதுபோல் நிமிர்ந்து அமரும்போது பாதங்கள் நேரே கீழே இறங்குகின்றன; தாழ்ந்து அமரும்போது கால்களை முன்னே நீட்ட வேண்டியிருக்கிறது. எனவே நீளம் குறைந்த வண்டியிலும் இருக்கையை உயர்த்தினால் கால்களுக்கு இடம் கிடைக்கிறது. வெளியே சிறிதாகத் தோன்றும் வண்டி உள்ளே தாராளமாக இருப்பதன் சூட்சுமம் இதுதான்.

நம் நாட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு வரிச்சலுகை உண்டு. ஆகையால் ஒரே நீள எல்லைக்குள் ஹேட்ச்பேக்கும், டிக்கி குறுகிய செடானும், சிறிய எஸ்.யூ.வி.யும் நெருங்கி நிற்கின்றன. நீளத்தைப் பார்த்து உள்ளிடத்தை ஊகிக்க முடியாது. உயரம் பெரிதும் வேறுபடுகிறது. இன்றைய வேகன்-ஆர் சுமார் 1,675 மி.மீ. உயரமுடையது. அதைவிட நீளமும் விலையும் மிகுந்த ஹோண்டா சிட்டி செடானின் உயரம் ஏறத்தாழ 1,490 மி.மீ. இன்னோவா கிரிஸ்டாவின் உயரமோ 1,800 மி.மீ.யை நெருங்குகிறது.

செடான் வகையின் குணம் இது: ஏறிய பின் சுகம், ஏறுவதும் இறங்குவதும் சிரமம். முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு அதிகமாதலால் குலுக்கல் குறைவு. முழங்கால் இடமும் சாய்மானமும் நன்கு அமைந்திருக்கும். ஆனால் பின்புறமாகச் சரிந்து இறங்கும் கூரைக்குக் கீழே தலையைக் குனிந்து, இடுப்பை மடக்கி, தாழ்ந்து அமர வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவருக்கும் இடுப்பு மூட்டு அறுவை முடிந்தவருக்கும் இது உகந்ததன்று.

எஸ்.யூ.வி. என்ற ஒரே பெயருக்குள் இருவேறு வண்டிகள் இருக்கின்றன. கார் அடித்தளத்தின் மீதே சற்று உயர்த்திக் கட்டப்பட்ட சிறிய வகையில் இருக்கை பெரும்பாலும் இடுப்பளவுக்கு அருகே அமைவதால், பலருக்கு அது மிகவும் வசதியாக இருக்கிறது. தனிச் சட்டகத்தின் மீது கட்டப்பட்ட பெரிய வகையில் வண்டியின் தளமே வீட்டுப் படியைப்போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கும். அந்த ஆசிரியையின் வீட்டில் வாங்கியது இந்த இரண்டாம் வகை. மலைச் சாலைக்கும் கரடுமுரடான வழிக்கும் ஏற்றதாயினும், முழங்கால் அறுவை முடிந்த ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு அது ஏற்றதன்று.

ஏழு பேர் அமரும் வண்டிகளில் நடுவரிசை, குறிப்பாகத் தனித்தனி இருக்கைகளும் கைதாங்கிகளும் கொண்ட அமைப்பு, நோயாளிக்கு நல்ல இடம். மூன்றாம் வரிசை அப்படியன்று. அங்கே இருக்கைக்கும் தளத்திற்கும் இடையே உயரம் குறைவாதலால் முழங்கால்கள் மார்பை நோக்கி எழும். பின்சக்கரத்தை ஒட்டி அமைவதால் குலுக்கலும் குமட்டலும் மிகும். மடக்கிய இருக்கையைத் தாண்டி உள்ளே நுழைவதும் எளிதன்று.

இருக்கையின் இலக்கணம்

காட்சியகத்தில் பத்து நிமிடம் அமரும்போது மென்மையான இருக்கை சுகமாகத் தோன்றும். மூன்றாம் மணி நேரத்தில் அதே மென்மை முதுகை வளைத்துவிடும். அமிழாத, உறுதியான மெத்தையே தண்டுவடத்திற்கு நல்லது. சாய்மானம் செங்குத்தாக இல்லாமல் 100 முதல் 110 பாகை வரை சாய்ந்திருந்தால் இடுப்புப் பகுதி வட்டுகளின் மீதுள்ள அழுத்தம் குறைகிறது. இடுப்பின் வளைவுக்குப் பின்னே தாங்கல் இல்லாத இருக்கையாயின், சுருட்டிய துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

மெத்தையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்தினால் கால் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நெருக்குண்ணும். இரு பக்கமும் மேடிட்டு உடலைக் கவ்விப் பிடிக்கும் இருக்கை வேகமாக ஓட்டுபவருக்கு உதவலாம். நகர்ந்து நகர்ந்து உள்ளே செல்ல வேண்டியவருக்கு அந்த மேடு ஒரு தடை. தலைதாங்கி காதுகளின் உயரத்திற்குக் குறையாமல் இருக்க வேண்டும்; பின்னாலிருந்து மற்றொரு வண்டி மோதினால் கழுத்தைக் காப்பது அதுவே.

நடுவில் அமர்பவர் யார்?

இனி, அளவுநாடாவால் அளக்க முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் வண்டிக்குள் இடம் பங்கிடப்படும் முறை அது. முன் இருக்கையில் வீட்டின் ஆண் ஒருவர் அமர்வார். பின்னால் சன்னலோர இடங்களைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். அம்மாவோ பாட்டியோ "நான் நடுவுல உட்காந்துக்கிறேன்" என்று சொல்லிப் பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார். பல கார்களில் பின் இருக்கையின் நடுவிடமே மிகக் கடினமானது. காலடியில் மேடு இருக்கும், மெத்தை ஒடுங்கியிருக்கும், இறங்குவதற்கு இருபுறமும் கதவு இராது. மூட்டு வலியுள்ளவர்தான் மிகுதியாக விட்டுக்கொடுப்பவராகவும் இருப்பதால் அந்த இடம் அவருக்கே வாய்க்கிறது.

வேறு சில வீடுகளில் மரியாதை தடையாகிறது. பெரியவரை ஓட்டுநரின் பக்கத்தில் அமர்த்துவது முறையன்று என்று எண்ணிப் பின்னால் அமர்த்துகிறார்கள். உண்மையில் பெரும்பாலான கார்களில் முன்கதவே அகன்றது. முன் இருக்கையையே பின்னுக்கு நகர்த்தவும் சாய்க்கவும் முடியும். நோயாளிக்கு உரிய மரியாதையான இடம் பெரும்பாலும் அதுவே. இருக்கையை இயன்றவரை பின்னே தள்ளி, இருக்கைப் பட்டையை இடுப்பெலும்பின் மீது தாழ்வாகப் படியுமாறு அணிவிக்க வேண்டும். படுக்கைபோல் முழுவதும் சாய்த்துவிட்டால் விபத்தின்போது பட்டைக்கு அடியில் உடல் நழுவிவிடும். டேஷ்போர்டின் மீது கால்களை நீட்டி வைப்பதும் கூடாது. காற்றுப்பை விரியும் விசையில் கால் எலும்புகள் முறியும்.

தொலைவுப் பயணம்

எங்களிடம் வருவோரில் பலர் 4 மணி நேரத்திற்கு மேல் பயணம் செய்து வருகிறார்கள். 1940-இல் லண்டன் மாநகரின் மீது குண்டுகள் பொழிந்த நாள்களில், பதுங்கிடங்களில் இரவு முழுவதும் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்களிடையே நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து நேரும் மரணங்கள் கூடியதை மருத்துவர் கீத் சிம்சன் கவனித்து எழுதினார். நெடுநேரம் அசையாது அமர்வதன் ஆபத்தை மருத்துவ உலகம் அப்போது தெளிவாக உணர்ந்தது. 4 மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் இரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் தெரிவித்தது. பொதுவாக அந்த வாய்ப்பு சிறியதே. மூட்டு அறுவை முடிந்த வாரங்களில் அது கூடுதல்.

எத்தனை சுகமான இருக்கையாயினும் ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் வண்டியை நிறுத்தி, சில அடிகள் நடக்கச் செய்யுங்கள். இடையிடையே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சி, காலையிலிருந்தே தண்ணீர் அருந்தாமல் வரும் பெண்களை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். புறப்படும் முன்பே நிற்கும் இடங்களைத் திட்டமிட்டால் அந்த அச்சம் தீரும்.

இருக்கும் வண்டியைக் கொண்டே

"புது வண்டி வாங்கும் நிலையில் நாங்கள் இல்லையே" என்று கேட்பீர்கள். தேவையில்லை. வாடகை வண்டி அழைக்கும்போது "ஏசி உண்டா" என்று கேட்பதுபோல் "உயரமான ஹேட்ச்பேக் உண்டா" என்றும் கேளுங்கள். பெரிய வண்டியைவிட வாடகையும் பெரும்பாலும் குறைவு. சொந்த வண்டி தாழ்ந்ததாயின், நடைமேடையை விட்டுத் தள்ளிச் சமதளத்தில் நிறுத்துங்கள். இருக்கையின் மீது உறுதியான ரப்பர் நுரை மெத்தையொன்றை நகராதபடி பொருத்துங்கள். வண்டி உயர்ந்ததாயின், நடைமேடையை ஒட்டி நிறுத்துங்கள். நோயாளி மேடையின் மீது நிற்பதால் ஏற வேண்டிய உயரம் அந்த அளவுக்குக் குறையும். நாலாபுறமும் அசையாமல் நிற்கும் அகன்ற படிப்பலகையும் உதவும். பிளாஸ்டிக் ஸ்டூலில் மட்டும் ஏற்ற வேண்டாம்.

ஏறும் முறை எல்லா வண்டிக்கும் ஒன்றே. முதலில் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இருக்கையைக் கையால் தொட்டு உணர்ந்து மெல்ல அமர வேண்டும். பின்னர் இரு கால்களையும் சேர்த்து உடலோடு ஒன்றாக உள்ளே திருப்ப வேண்டும். திறந்த கதவைப் பிடிமானமாகக் கொள்ளக்கூடாது, அது நகரும். திரும்புவதற்கு எளிதாக இருக்கையில் வழுவழுப்பான உறையொன்றை விரிக்கலாம். ஆனால் வண்டி புறப்படும் முன் அதை எடுத்துவிட வேண்டும்.

ஆட்டோவிலும் பேருந்திலும் வருவோரே நம்மிடையே மிகுதி என்பதை நாங்கள் மறக்கவில்லை. லண்டனில் 2000-ஆம் ஆண்டு முதல் எல்லாக் கறுப்பு டாக்சிகளும் சக்கர நாற்காலியை ஏற்றத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஜப்பானில் 2017 முதல், தாழ்ந்த தளமும் பக்கவாட்டில் நகரும் கதவும் கொண்ட டாக்சிகள் ஓடுகின்றன. சொந்தக் கார் இல்லாதவருக்கும் எளிதில் ஏறத்தக்க வண்டி கிடைக்க வேண்டும் என்று நாமும் கேட்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எங்கள் பங்கிற்கு, வீடு திரும்புவதற்கு முந்தைய நாளே "எந்த வண்டியில் அழைத்துச் செல்லப்போகிறீர்கள்?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறோம். இயன்றால் அந்த வண்டியையே கொண்டுவரச் சொல்லி, இயன்முறை மருத்துவர் முன்னிலையில் ஏறி இறங்கிப் பழகச் செய்கிறோம். முன்பே செய்திருக்க வேண்டியது இது.

அந்த ஆசிரியையின் மகனிடம் வண்டியைப் பற்றி நாங்களே பேசினோம். தாம் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் அவர் சொன்னார். அதன்பின் பயிற்சிக்கு வந்த நாள்களிலெல்லாம் நண்பர் ஒருவரின் உயரமான சிறிய காரை இரவல் வாங்கி வந்தார். சில வாரங்களில் முழங்கால் ஓரளவு இளகியது. இழந்த காலம் முழுவதும் மீளவில்லை. கடைசியாக வந்த நாளில் அந்த அம்மையார் வாக்கரை மகனிடம் கொடுத்துவிட்டு, முதுகைத் திருப்பி அமர்ந்து, இரு கால்களையும் தாமே உள்ளே எடுத்து வைத்தார். மகன் கதவருகே வந்தபோது, "நீ போய் வண்டிய எடுப்பா" என்று சொல்லிக் கதவைத் தாமே சாத்திக்கொண்டார்.

உங்கள் வீட்டில் அடுத்த வண்டி வாங்கும் பேச்சு எழும்போது, அதில் மிகச் சிரமப்பட்டு ஏறப்போகிறவர் யாரோ அவரைக் காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் மூன்று முறை ஏறி இறங்கிக் காட்டட்டும். விலையைப் பற்றிய பேச்சை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

— மருத்துவர்கள் சார்பில், உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறை